இரட்டைப்படை எண்களின் பக்கம்: தெலுக் ஆயரின் பழைய கரையில்

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் கதவு எண்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால், கடல் எந்தப் பக்கம் இருந்தது என்பது தெரிந்துவிடும். முன்பு கோயிலாக இருந்து இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட ஃபுக் தக் சி 76. ஹக்கா சீனர்களின் இங் ஃபோ ஃபூய் குன் சங்கம் 98. நாகூர் தர்கா 140. தியான் ஹோக் கெங் கோயில் 158. அல்-அப்ரார் பள்ளிவாசல் 192. எல்லாமே இரட்டைப்படை எண்கள், எல்லாமே தெருவின் ஒரே பக்கம். எதிர்ப்பக்கத்தில் அவ்வளவு பழைய வழிபாட்டிடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. அங்கே இருந்தது கடல். அந்தப் பக்கத்தில் நிற்கும் சீன மெதடிஸ்ட் தேவாலயத்தின் எண் 235. அது 1920-களில் எழும்பியபோது கடலைத் தூர்த்துத் தெருக்கள் போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

இதைக் கண்டுபிடித்தவர் என் மாமா. அம்மாவின் அண்ணன். 78 வயது. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியே காலம் கழித்தவர் என்பதால் எண்களை விடவே மாட்டார். நான் வரைபடங்களோடு இரண்டு முறை நடந்தும் கவனிக்காத ஒன்றை, அவர் என்னோடு வந்த முதல் நாளே சொல்லிவிட்டார். "இங்கே பாரம்மா, சாமிகள் எல்லாம் ஒரே பக்கமாக வரிசை கட்டி நிற்கிறார்கள். எதையோ பார்க்கத்தானே அப்படி நிற்பார்கள்?"

தெலுக் என்றால் மலாயில் விரிகுடா, ஆயர் என்றால் தண்ணீர். பெயரே சொல்லிவிடுகிறது. ஆனாலும் அலுவலகத்துக்குப் போகும் வழியில் அந்தத் தெருவை ஆண்டுக்கணக்கில் கடந்த எனக்கு, இது கடற்கரை என்பது உறைக்கவே இல்லை. உறைக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு நாளை ஒதுக்கி நடக்க வேண்டும். அப்படி மூன்று முறை நடந்தேன். முதல் இரண்டும் சரியாக அமையவில்லை. அவற்றில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

முதல் முறை மரினா பே பக்கமிருந்து தொடங்கினேன். கண்ணாடிக் கோபுரங்கள், பிறகு அலுவலகங்கள், பிறகு பழைய கடைவீடுகள் என்று உள்ளே போகப் போக நகரம் வயதாகிக்கொண்டே போனது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எங்கே கடல் முடிந்து நிலம் தொடங்கியது என்பது புலப்படவில்லை. அடுத்த முறை சவுத் பிரிட்ஜ் ரோட்டிலிருந்து, 1827-இல் நிறுவப்பட்ட மாரியம்மன் கோயிலைத் தாண்டி, ஆன் சியாங் குன்று வழியாக இறங்கினேன். எல்லாமே மாறிவிட்டது. குன்றிலிருந்து அமோய் ஸ்திரீட் வரை கால் சரிவை உணர்ந்துகொண்டே வருகிறது. தெலுக் ஆயர் ஸ்திரீட்டைத் தாண்டியதும் சரிவு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் செசில் ஸ்திரீட், ராபின்சன் ரோடு, ஷென்டன் வே எல்லாம் தாம்பாளம் போலத் தட்டை. இயற்கையான நிலம் ஏறி இறங்கும். மனிதன் கொட்டி நிரப்பிய நிலம் சமமாகக் கிடக்கும். எந்த ஊரில் பழைய கரையைத் தேடினாலும் மேட்டிலிருந்து இறங்கி வாருங்கள். கால் சொல்வதைக் கண் பிறகு உறுதிசெய்துகொள்ளும்.

இரண்டாம் முறை செய்த தவறு வேறு. ஜி. டி. கோல்மன் அளவெடுத்து, 1836-இல் கல்கத்தாவில் கல்லச்சில் வெளிவந்த நகர வரைபடம் ஒன்று உண்டு. அதன் படத்தைக் கைபேசியில் இன்றைய வரைபடத்தின்மேல் ஏற்றி, நீலப் புள்ளி போகும் இடமெல்லாம் நானும் போனேன். உயரமான கட்டடங்களுக்கு நடுவே அந்தப் புள்ளி ஒரு தெரு அகலத்துக்கு அப்படியும் இப்படியும் தாவியது. நான் நிற்பது கரையிலா கடலிலா என்பதையே தீர்மானிக்க முடியவில்லை. மூன்றாம் முறை காகிதத்துக்கு வந்துவிட்டேன். பழைய வரைபடத்தின் கரைக்கோட்டை ஒளி ஊடுருவும் தாளில் பென்சிலால் படியெடுத்து, இன்றைய வரைபடத்தின்மேல் வைத்தேன். பொருத்துவதற்கு அன்றும் இன்றும் அசையாமல் இருக்கும் இடங்கள் வேண்டும். எனக்குக் கைகொடுத்தவை மாரியம்மன் கோயில், நாகூர் தர்கா, ஃபோர்ட் கேனிங் குன்று மூன்றும். ஆற்றின் முகத்துவாரத்தை வைத்துப் பொருத்தக் கூடாது. தூர்த்ததில் அதுவே வெளியே தள்ளிப் போயிருக்கிறது.

இன்னொன்று. 'அசல் கரை' என்று ஒரே ஒரு கோடு கிடையாது. தெலுக் ஆயர் குடாவைத் தூர்க்கும் பெரிய வேலை 1879-இல் தொடங்கி 1880-களில் முடிந்தது. வாலிச் குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஊருக்கும் தஞ்சோங் பகார் கப்பல்துறைக்கும் நடுவே குன்றுகள் மறித்துக் கிடந்ததால், சரக்கு வண்டிகளுக்கு நேர்வழி தேவைப்பட்டது. பிறகு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இன்னொரு பட்டை, 1970-கள் தொடங்கி மரினாவின் பெரும் பரப்பு. 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 730-ஐயும் தாண்டிவிட்டது. ஆகவே கிளம்பும் முன் எந்த ஆண்டின் கரையைத் தேடுகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். நான் 1836-ஐ எடுத்துக்கொண்டேன். காரணம் வரைபடம் மட்டுமில்லை. நம் ஆட்கள் கரையில் கால் ஊன்றிய காலமும் அதுவே.

நாகூர் தர்காவின் முன்னால் நாங்கள் நெடுநேரம் நின்றோம். 1828 முதல் 1830 வரை, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் கட்டியது. சாகுல் ஹமீது நாயகத்தின் நினைவிடம்தான்; அடக்கத்தலம் இல்லை, அது நாகூரில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஐரோப்பியத் தூண்கள், மேலே துளைத்துளையான கைப்பிடிச் சுவர், மூலைகளில் அடுக்கடுக்காக மேலேறும் சிறு மினார்கள். இப்போது உள்ளே இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் இயங்குகிறது. கட்டடத்தின் அழகைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது, அது நிற்கும் இடம். படகிலிருந்து இறங்கியவன் ஈரக்காலோடு நாலடி வைத்தால் வாசல். கடலைத் தாண்டிப் பிழைத்து வந்தவன், துணி மாற்றும் முன்பே நன்றி சொல்லும் தூரம்.

மாமா தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அமைதியாக நின்றார். எங்கள் குடும்பம் நாகப்பட்டினத்துக்காரர்கள். தாத்தா 1930-களில் கப்பலேறியபோது, ஆள் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று ஆத்தா நாகூரில் நேர்ந்துகொண்டாராம். இந்துவா முஸ்லிமா என்று யாரும் பார்த்ததில்லை. கடலுக்குப் போகிறவனுக்கு நாகூர் ஆண்டவர், அவ்வளவுதான். "உன் தாத்தாவும் இங்கே வந்துதான் கும்பிட்டிருப்பார், ஆனால் அவர் வந்தபோதே கடல் தள்ளிப் போய்விட்டது" என்றார் மாமா. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதான். தாத்தா பார்த்தது ஏற்கெனவே தெருக்களுக்குள் அகப்பட்டுவிட்ட தர்காவை.

பக்கத்துச் சிறு பூங்காவில் ஆரம்பகாலக் குடியேறிகளின் வெண்கலச் சிற்பங்கள் இருக்கின்றன. பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இந்த இடம் ஒரு வரம்: நிழல் உண்டு, உட்கார இடம் உண்டு. நாங்கள் கொண்டுபோன இட்லியை இங்கேதான் பிரித்தோம்.

அதை அடுத்தது தியான் ஹோக் கெங். 1839 முதல் 1842 வரை ஹொக்கியன் சீனர்கள் கட்டிய கோயில். உள்ளே இருப்பவள் கடலோடிகளைக் காக்கும் மாட்சு அம்மன். தெருவிலிருந்து சற்று உயர்ந்த மேடை, அதில் ஏறினால் குறுக்கே உயரமான வாசற்படி. அந்தப் படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும். நம் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்களே, அதே வழக்கம். தாண்டிவிட்டு அங்கேயே திரும்பி நின்று பாருங்கள். கண்ணுக்கு நேரே உயரும் அலுவலகக் கட்டடங்களை மனத்தால் அகற்றிவிட்டால், அம்மன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது விளங்கும்.

அல்-அப்ரார் பள்ளிவாசல்தான் என்னை உலுக்கியது. 1827-இல் அது ஓலைக் குடிசை. செங்கல் கட்டடம் 1850-களில்தான் வந்தது. ஆனால் இன்றுவரை அதற்குக் குச்சுப் பள்ளி என்று ஒரு பெயர் உண்டு. குச்சு என்றால் குடிசை. குடிசை போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, பெயருக்குள் மட்டும் இன்னும் ஓலை வேய்ந்திருக்கிறது. பழைய கரையைத் தேடுகிறவர்கள் தெருப்பெயர்களைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் கேட்டுப் பாருங்கள். ஒரு மொழி மறந்ததை இன்னொரு மொழி வைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் இந்தத் தெருவுக்கு நடைக்காக வராதீர்கள். தொழுகைக்கு வருகிறவர்களுக்கே இடம் போதாது. கால்முட்டியும் தோளும் மறையும் உடை, எளிதில் கழற்றக்கூடிய செருப்பு, கைப்பையில் ஒரு துண்டு. மரபுடைமை நிலையம் காலையில் வெகுநேரம் கழித்தே திறக்கிறது, அதனால் 7 மணிக்கே தொடங்கும் நடையை வெளிப்புறங்களில் முடித்துவிட்டுக் கடைசியில் உள்ளே போகலாம்.

இந்த நடையில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது, கரையோடு மட்டும் நடக்காமல் ஒருமுறை குறுக்கேயும் நடக்க வேண்டும் என்பது. நீளவாக்கில் நடக்கும்போது கரையின் வளைவு தெரிகிறது. எவ்வளவு கடலை இழந்தோம் என்பது குறுக்கே நடந்தால்தான் தெரிகிறது. அதற்கு வசதியாக நாகூர் தர்காவின் பக்கவாட்டிலேயே பூன் டாட் ஸ்திரீட் நேராகத் தென்கிழக்கே போகிறது. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதில் இறங்கினேன்.

முதலில் செசில் ஸ்திரீட். அடுத்தது ராபின்சன் ரோடு. அதைத் தாண்டினால் லாவ் பா சாட், எண்கோண வடிவிலான பழைய சந்தை. இதற்கு முன்னோடியான சந்தை கடலோரத்திலேயே இருந்தது. தூர்த்த பிறகு 1894-இல், கிளாஸ்கோவில் வார்த்த இரும்புத் தூண்களைக் கொண்டு இன்றைய இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். அதாவது கடல் பின்வாங்க, சந்தையும் அதன் பின்னாலேயே போயிருக்கிறது. கோயில்களும் தர்காவும் மட்டும் இடம் பெயரவில்லை. இங்கே கழிப்பறை இருக்கிறது, தேநீர் கிடைக்கும், மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் உட்காரலாம். 70 வயதைத் தாண்டியவர்களை இதற்குமேல் நிறுத்தாமல் கூட்டிப்போகக் கூடாது.

ஷென்டன் வே வந்ததும் மாமாவின் நடை வேகமெடுத்தது. இதுவரை நான் அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன், இனி அவர் முறை. 1960-களில் வேலை முடிந்து இந்தச் சடக்கில் நடந்தால் கடல்காற்றில் சட்டை பிசுபிசுக்குமாம். தொங்கான்கள், அதாவது சரக்குப் படகுகள், அணைந்து கிடப்பது தெரியுமாம். "இந்தக் கட்டடம் இருக்கிறதே, இது தண்ணீர். அதோ அது, அதுவும் தண்ணீர்" என்று குடையால் ஒவ்வொன்றாகச் சுட்டிக்கொண்டே வந்தார். பாதசாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். வரைபடத்தில் நான் படியெடுத்த கோடுகள் அவர் குடை முனையில் உயிரோடு இருந்தன. அன்று அவர் சொன்னதைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டேன். இதை எல்லோருக்கும் சொல்வேன்: பழைய கரையைப் பார்த்த கண்கள் வீட்டில் இருந்தால் முதலில் அவரை அழைத்துக்கொண்டு போங்கள். நூலகம் எப்போதும் இருக்கும், வரைபடத்தை அடுத்த ஆண்டும் பார்த்துக்கொள்ளலாம்.

தர்காவிலிருந்து மரினா பே நீர் விளிம்புவரை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவுதான். நின்று நின்று நடந்ததில் எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. விளிம்பில் நின்று மாமா மூச்சை இழுத்தார். கடல் மணம் இல்லை. 2008-இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு உள்ளே உப்பு குறைந்து, இன்று இது நன்னீர்த் தேக்கம், நாம் குடிக்கும் தண்ணீரின் ஒரு பகுதி. இந்த நகரத்துக்கு அது எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். தண்ணீர்க் கட்டுப்பாட்டுக் காலத்தை அனுபவித்த மாமாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனாலும் அன்று அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. கடல் தள்ளிப் போயிருக்கும் என்று நினைத்து வந்தவர், அது இங்கிருந்தும் போய்விட்டதை அப்போதுதான் அறிந்தார்.

ஆற்றுப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெலுக் ஆயரின் வடக்கு முனையில் பிலிப் ஸ்திரீட். அங்கே டியோச்சியூ சீனர்களின் யூ ஹாய் சிங் கோயில். அங்கிருந்து ஆற்றின் தென்கரையான போட் கீ. முன்பு நான் கலந்துகொண்ட ஒரு குழு நடையில், போட் கீயின் வளைவு ஆற்றின் இயற்கைக் கரை என்று வழிகாட்டி சொன்னார். நானும் அதையே சில காலம் பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் இந்த நகரத்தின் முதல் தூர்ப்பே அதுதான். 1822-இல், இந்த நகரத்தை நிறுவிய ஆங்கிலேயரான ராஃபிள்ஸின் ஆணைப்படி இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸில் இருந்த சிறு குன்றை வெட்டி, தென்கரையின் சதுப்பை நிரப்பினார்கள். யார் சொன்னாலும் ஆண்டையும் மண் எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். கடலைத் தூர்க்க மண் வேண்டும், மண்ணுக்கு ஒரு குன்று காணாமல் போயிருக்க வேண்டும். குன்றைச் சொல்ல முடியாதவர் கரையையும் சரியாகச் சொல்வாரா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

கடற்சுவரோடு கட்டிய கோலியர் கீ துறை 1864-இல் முடிந்தது. அதற்கு முன்னால் ராஃபிள்ஸ் பிளேஸ் கிட்டங்கிகளின் பின்பக்கம் கடல் வந்து முட்டியது. அந்தக் கடற்சுவரை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சுவர் இன்று எந்தக் கட்டடத்துக்குக் கீழே கிடக்கிறதோ. அந்த இடத்தில் ஒரு நிமிடமாவது நிற்காமல் போக எனக்கு மனம் வரவில்லை.

பீச் ரோட்டை அதே நாளில் சேர்த்துக்கொள்ளாதீர்கள். நான் இரண்டாம் முறை அப்படிச் செய்து, நண்பகல் வெயிலில் தலை சுற்றி, ஒரு பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தெலுக் ஆயரில் கடைவீடுகளின் மாடிக்குக் கீழே ஓடும் ஐந்தடி நடைபாதை நிழல் தருகிறது. பீச் ரோட்டில் நெடுந்தூரம் அது இல்லை. இன்னொரு நாள் காலையில் படாங் புல்வெளியில் தொடங்கி வடக்கே நடங்கள். பெயர்தான் கடற்கரைச் சாலை, கடல் கண்ணுக்கே தெரியாது. 1887-இல் ராஃபிள்ஸ் ஹோட்டல் திறந்தபோது எதிரே கடல் இருந்தது.

அந்த நடையை ஹாஜா ஃபாத்திமா பள்ளிவாசலில் முடித்தோம். மலாக்காவிலிருந்து வந்த ஒரு பெண் வணிகர் தம் வீடு இருந்த இடத்தில் எழுப்பியது, 1846-இல் முடிந்தது. அதன் மினார் சுமார் 6 பாகை சாய்ந்திருக்கிறது. நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்து, சாய்வது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது என்றேன். மாமா பேசவில்லை. கைக்குட்டையின் ஒரு முனையில் வீட்டுச் சாவிக்கொத்தை முடிந்தார். மறுமுனையைப் பிடித்துக் கொத்தனார் தூக்குக்குண்டு விடுவது போலக் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டார். சாவி ஆடி ஆடி நின்றது. துணியின் நேர்க்கோட்டிலிருந்து மினார் மெல்ல விலகி, தன் குவிமாடத்தின் பக்கம் சரிந்து நின்றது எனக்கும் தெரிந்தது. அடியில் இருக்கும் மணல் தாங்காமல் சாய்ந்தது என்கிறார்கள்.

"மணல்தானே?" என்று மாமா கேட்டார். கையை இறக்காமல், காலால் நடைபாதையை இரண்டு முறை தட்டினார். "அப்போ கரை இங்கேதான் இருந்திருக்கிறது. எழுதிக்கொள்."